ஐயாவும் படித்த தையல் வகுப்பு

போன மாதம் யாழ்ப்பாணம் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அறுபது வயதிருக்கும். வவுனியா தாண்டியதும் தோள்பையிலிருந்து ஒரு கம்பளி நூலுண்டையையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துக் காலுறை பின்னத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த எங்கள் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. பின்னுவதும், யன்னலால் பனைகளைப் பார்ப்பதும், திரும்பப் பின்னுவதுமாக இருந்தார். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது பொறாமை. இந்த வயதில், ஒரு பின்னல் ஊசியைப் பார்த்துப் பொறாமைப்படுவதென்றால் அதற்கு ஒரு பழைய கதை இருக்கத்தான் வேண்டும். உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மானிப்பாய்ப் பக்கம். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு சின்ன ரயில் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுப்பவர். அந்தக் காலத்து ரிக்கற் தடித்த சின்ன மட்டை. அதை ஒரு இரும்புப் பொறியின் வாயில் கொடுத்து இழுத்தால் திகதி பதியும். சனம் நெருக்கித் தள்ளி நின்றாலும் ஐயா ஒவ்வொரு மட்டையையும் நேராகப் பிடித்து, நேராக இழுத்து, திகதி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துத்தான் கொடுப்பார். கோச்சி விசில் அடித்தாலும் அவர் அவசரப்பட மாட்டார். “உவர் ரிக்கற் தாறதுக்கிடையிலை கோச்சி கொழும்புக்குப் போயிடும்” என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் கோச்சி நின்றது. முதலில் சில கிழமைகள் ஐயா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வழமை போலச் சைக்கிளில் ஸ்ரேசனுக்குப் போய் வந்தார். பிறகு தண்டவாளத்துக்குக் கீழிருந்த கட்டைகளைச் சனம் பங்கர் மூடக் கழற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளோடு அவர் போவதை நிறுத்தினார். சேர்ட் அலுமாரிக்குள் போய்விட்டது. ஐயா முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். விடிந்தாலும் இருந்தார், பொழுதுபட்டாலும் இருந்தார். பழைய பேப்பரைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அம்மா கூட்டும்போது காலைத் தூக்கினார். அவ்வளவுதான் வேலை.

பள்ளிக்கூடமும் ஒழுங்காக நடக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. நானும் சும்மா இருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சும்மா இருப்பதை எந்த அம்மா பொறுப்பாள்? ஐயாவை அனுப்ப இடமில்லை. என்னை அனுப்ப ஒரு இடம் இருந்தது.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையின் முடிவில் ஒரு வீட்டின் பாதியில் தமையன் குடும்பத்தோடு இருந்தவர் றெஜினா ரீச்சர். கலியாணம் முடிக்காதவர், நாற்பது வயது மதிக்கலாம். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர், இங்கேயும் அந்தப் பாதி வீட்டில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பூத்தையல் வகுப்பு வைத்தார். வரும்போது மற்றவர்கள் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு வர, இவர் ஒரு தகரப்பெட்டி நிறைய ஊசியும் நூலும் துணியை இறுக்கிப் பிடிக்கும் மரவளையங்களும் கொண்டுவந்தார் என்று அம்மா வியந்து சொன்னாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் வரும் மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. துணியைப் பூச்சி அரிக்காமல் போடும் பூச்சிமுட்டை உருண்டை மணமும் புதுத்துணிக் கஞ்சி மணமும் கலந்தது. இப்போதும் துணிக்கடைக்குள் போனால் எனக்கு முதலில் கை வேர்க்கும். பிறகுதான் துணி கண்ணில் படும்.

கை வேர்த்ததற்குக் காரணம் உண்டு. எனக்குத் தையல் வரவில்லை. நேரே ஓட்டச் சொன்னால் என் நூல் வரம்பில் போகும் மாடு மாதிரி ஒருக்கால் இந்தப் பக்கம் இறங்கும், ஒருக்கால் அந்தப் பக்கம் இறங்கும். சங்கிலித் தையலில் ஒரு கண்ணி கடுகளவு, அடுத்தது கொண்டைக்கடலையளவு. விரலில் குத்தி இரத்தப் பொட்டு வைக்காத துணியே இல்லை. ரீச்சர் திட்ட மாட்டார். துணியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், “ம்” என்று சொல்லித் தருவார். அந்த “ம்”முக்கு இரண்டு அடி போட்டிருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் தைத்துப் பழகும்போது ஐயாதான் ஊசியில் நூல் கோர்த்துத் தருவார். அவருக்கு அப்போது நல்ல பார்வை. கோர்த்துத் தந்துவிட்டு நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் வளையத்தைக் கதிரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளப் போனேன். திரும்பி வந்தால் என் பூவில் மூன்று புதிய இதழ்கள்.

“ஆர் இதைத் தொட்டது?”

“சும்மா… போட்டுப் பாத்தன்” என்றார் ஐயா.

மூன்று இதழும் ஒரே அளவு. ஒரே சாய்வு. நூல் ஒன்றோடொன்று முட்டாமலும் விலகாமலும், வரிசையில் நின்று ரிக்கற் எடுக்கும் சனம் மாதிரி ஒழுங்காக நின்றது. பக்கத்தில் என் இதழ்கள் கோழி கிண்டியது போலக் கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊசி பிடித்த மனிதர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுவது கோபத்தில் என்று அவர் நினைத்து, “கழட்டிவிடட்டோ பிள்ளை?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கழற்றினால் அந்த இடத்தில் நான் அல்லவா திரும்பப் போட வேண்டும்.

அடுத்த வகுப்பில் ரீச்சர் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். “ம்” சொல்லவில்லை.

“இந்த மூண்டும் ஆர் போட்டது?”

“ஐயா.”

வகுப்பில் இருந்த பெட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. “ஐயாவை ஒருக்கா வரச்சொல்லு” என்றார். ஐயாவாவது வருவதாவது. அன்றைக்கு மாலை நான் போய்ச் சொன்னதும் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அடுத்த வகுப்பில் ரீச்சர் ஒரு துணித்துண்டில் பென்சிலால் ஒரு கொடி வரைந்து, “இதைக் கொண்டுபோய்க் குடு. ஏலுமெண்டால் செய்யட்டும்” என்று என் பையில் வைத்தார்.

அப்படித்தான் ஐயாவும் என் வகுப்பில் சேர்ந்தார். வகுப்புக்கு வராமலே படித்த மாணவர். அவருடைய பாடத்தைச் சுமந்தது நான். போகும்போது பையில் என் துணியும் அவர் துணியும். ரீச்சர் முதலில் என்னுடையதை எடுப்பார், “ம்”. பிறகு அவருடையதை எடுப்பார். யன்னலடிக்குப் போவார். திருப்புவார். “பிள்ளையள், எல்லாரும் வந்து இதின்ரை பின்பக்கத்தைப் பாருங்கோ” என்பார். பின்பக்கத்தில் ஒரு முடிச்சுக் கூடத் தெரியாது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து, முன்பின் காணாதவள் போல எட்டிப் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்தால் ஐயா வாசல் படலையடியில் நிற்பார்.

“ரீச்சர் என்ன சொன்னவ?”

ரீச்சர் சொன்னது, “இவ்வளவு காலத்திலை இப்பிடி ஒரு கையை நான் காணேல்லை” என்பது. நான் ஐயாவுக்குச் சொன்னது, “நல்லதாம்.” அவ்வளவுதான். அந்தச் சின்னச் சொல்லையே அவர் சப்பிச் சப்பி ஒரு கிழமை வைத்திருப்பார். கதிரையில் நிமிர்ந்து இருக்கத் தொடங்கினார். சவரம் செய்யத் தொடங்கினார். இதை நான் சந்தோசமாகப் பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு இடம் அந்த வகுப்பு. அங்கேயும் அவர் வந்து முன்வாங்கில் இருந்துகொண்டார்.

அம்மாவின் கவலை வேறு. “இஞ்சருங்கோ, ஆம்பிளை ஒருத்தர் பூத்தைக்கிறார் எண்டு ஊர் சிரிக்கப் போகுது” என்று யன்னலைச் சாத்துவாள். வெளிச்சம் இல்லாமல் எப்படித் தைப்பது? பாதி சாத்துவது என்று ஒப்பந்தமானது. யாராவது படலை திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா இருமுவாள். ஐயா ஒளிப்பார். ஒரு நாள் கிராம அதிகாரியான விதானையார் நிவாரணக் கார்ட் விசயமாக வந்தார். அம்மா இருமினாள். ஐயா ஊசியோடு வளையத்தைக் கதிரைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு எழுந்து நின்றார். விதானையார் வேறு கதிரை இருக்க அந்தக் கதிரையிலேயே போய் இருந்தார். இருந்த வேகத்தில் எழும்பினார்.

“என்ன இது, கடிக்குது?”

“மூட்டைப்பூச்சி” என்றார் ஐயா.

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூத்தையலை மறைக்கப் போய் மூட்டைப்பூச்சி வீடு என்று பெயர் வாங்கியாயிற்று. விதானையார் மிச்ச விசயத்தை நின்றுகொண்டே கதைத்துவிட்டுப் போனார்.

பொருளாதாரத் தடையால் கொழும்புச் சாமான்கள் வருவது குறைந்தபோது வண்ணநூலும் முடிந்தது. ரீச்சரின் பெட்டியில் வெள்ளை மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் இல்லை. வகுப்புப் படுத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். ஐயா கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போய் மா மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைக் கேட்டு வாங்கிவந்தார். ஒரு நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதாகக் கழன்று வரும் அந்த நூல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சவர்க்காரமில்லாத அந்த நாளில் சாம்பலில் அவித்து, பிரித்து, சாயம் போட்டார். மஞ்சளில் மஞ்சள் வந்தது. தேக்கங்கொழுந்தில் செம்மண் மாதிரி ஒரு செங்கபிலம் வந்தது. மாதுளந்தோலில் காய்ந்த வைக்கோல் நிறம் வந்தது. அடுப்படி முழுக்க அவிந்த இலை மணம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். பச்சை மட்டும் கடைசிவரை வரவில்லை. அதனால் ஐயாவின் இலைகள் எல்லாம் கபில நிறம். ரீச்சர் அதையும் விட்டுக்கொடுக்கவில்லை. “காய்ஞ்ச இலையும் இலைதானே” என்றார். நான் கபில நிறத்தில் இலை போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு வாசிகசாலை மண்டபத்தில் கைப்பணிக் கண்காட்சி வைத்தார்கள். ரீச்சரின் மாணவிகள் ஆளுக்கொன்று வைக்க வேண்டும். நான் ஒரு தலையணை உறையில் இரண்டு புறாக்கள் போட்டேன். தாரா வாத்துகளா என்று கேட்டவர்களும் உண்டு. ஐயா தன் பழைய வேட்டியில் ஒரு மேசைவிரிப்புச் செய்திருந்தார். மயில், ரோசாப்பூ ஒன்றுமில்லை. நான்கு ஓரத்திலும் முருங்கைப்பூ. மா மூட்டை நூலின் பழுப்பு வெள்ளை, முருங்கைப்பூவின் வெள்ளையேதான். கொத்திலிருந்து உதிர்ந்து தனியே கிடக்கும் பூக்களையும் இடையிடையே போட்டிருந்தார். ஊதினால் பறக்கும் போலிருந்தது.

ரீச்சரே அதை வாங்க வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் இருவரும் முதன்முதல் நேருக்குநேர் கதைத்தார்கள். ஐயா பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி எழுந்து நின்றார். கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நீங்கள்தானே என்ரை நல்ல மாணவர்” என்றார் ரீச்சர்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரீச்சருக்குக் கடித்துக் குடிக்கப் பெரிய பனங்கட்டித் துண்டு. ஐயாவுக்கு வெறுந் தேத்தண்ணி. ஐயா கவனிக்கவில்லை. முடிச்சில்லாமல் நூலைத் தொடங்குவது பற்றி இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கதை ஐயாவிடம் இருந்தது எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

விரிப்பில் யார் பெயர் போடுவது என்று கேள்வி வந்தது. ஐயா தன் பெயர் வேண்டவே வேண்டாம் என்றார்.

“பிள்ளையின்ரை பேரைப் போடுங்கோ ரீச்சர்” என்றாள் அம்மா. “நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தாலும் உதவும்.”

“எனக்கு வேண்டாம்” என்றேன்.

“ஏனடி?”

“ஆரும் ஒண்டு தைச்சுக் காட்டு எண்டு கேட்டா?”

அது நியாயமான காரணம். ஆனால் உண்மையான காரணம், அவருடைய பூவில் என் பெயர் வந்தால் நான் தோற்றது எனக்கு நித்தமும் தெரிந்துகொண்டே இருக்கும் என்பது. கடைசியில் ரீச்சர் ஒரு மட்டைத் துண்டில் ‘ஒரு மாணவர்’ என்று எழுதிக் குத்திவிட்டார்.

கண்காட்சிக்கு ஐயா வரவில்லை. நானும் அம்மாவும் போனோம். என் புறாக்களுக்கு முன் யாரும் நிற்கவில்லை. முருங்கைப்பூவைச் சுற்றி ஒரே பெண்கள். “மாணவர் எண்டு கிடக்கு, மாணவி எண்டு எழுத மறந்திட்டினமோ?” என்று ஒருத்தி கேட்டாள். சந்திக் கல்வீட்டுக்காரப் பெண் ஒருவர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது பிள்ளையளின்ரை கையில்லை. உந்தக் குருநகர் ரீச்சரே தைச்சுப்போட்டு, மாணவர் எண்டு போட்டிருக்கிறா. வகுப்புக்கு ஆள் பிடிக்க.”

எல்லோரும் அதுதான் சரி என்று தலையாட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. ஐயாவைப் புகழ்ந்தால் எனக்குப் பொறுக்காது, அது வேறு. ஆனால் அவருடையதைத் தூக்கி ரீச்சருக்குக் கொடுப்பதா? ஏற்கெனவே அவருடைய பேச்சு, சிரிப்பு எல்லாம் அங்கேதான் போகிறது.

“இல்லை” என்றேன். “உது என்ரை ஐயா தைச்சது.”

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.  அம்மா என் மேற்கையில் நுள்ளினாள், ஆனால் அது பிந்திப் போயிற்று.

வீடு வரும்வரை அம்மா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். ஐயா படலையடியில் நின்றார். அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப சொல்லிப்போட்டாய்.”

“ஓம்.”

அவர் வாளியை எடுத்தார். கத்தரிக்குத் தண்ணீர் விடப் போனார். எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாள் காலையில் அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வேப்பமரத்தின் கீழ், ஒழுங்கையால் போகிறவர்களுக்கெல்லாம் தெரிய வைத்து, வளையத்தை மடியில் எடுத்தார். அலுமாரிக்குள் கிடந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

ஊர் சிரித்தது, இல்லையென்று சொல்லவில்லை. கடையடியில் ‘தையல் மாஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். ஆனால் சிரித்த வீடுகளிலேயே கலியாணமும் நடந்தது. கடைகளில் நல்ல சாமான் இல்லாத காலம். பெண் பிள்ளைக்கு இரண்டு தலையணை உறை, மாப்பிள்ளைக்கு முகம் துடைக்க ஒரு லேஞ்சி என்று துணியைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். ஐயா எல்லோருக்கும் செய்தார். அச்சுவேலியிலிருந்து கூட ஒருவர் சைக்கிளில் வந்தார். எனக்குச் சம்பந்தம் பேசி வந்த ஒரு தாய், “தகப்பன் நல்லாத் தைப்பாராம். பெட்டை?” என்று கேட்டாள். அம்மா, “பெட்டை நல்லாச் சமைக்கும்” என்றாள். அதுவும் பொய். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை.

கிழமைக்கொருமுறை ரீச்சர் எங்கள் ஒழுங்கையால் போகும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். ஐயா வளையத்தைத் திருப்பிக் காட்டுவார். ரீச்சர் தலையசைப்பார். அவ்வளவுதான். அம்மா அந்த நேரம் பார்த்து முற்றம் கூட்டுவாள். நான் யன்னலடியில் நிற்பேன். ஒரு மனிதர் ஒரு துணியைத் திருப்பிக் காட்ட, ஒரு வீட்டில் இரண்டு பேர் புழுங்கினோம்.

பிறகு தொண்ணூற்றைந்து வந்தது. ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்கள் சைக்கிளில் அரிசியையும் உடுப்பையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது ரீச்சரின் குடும்பம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பி ஐயாவைப் பார்த்து, “போயிட்டு வாறம்” என்றார். ஐயா தலையாட்டினார். றோட்டுக்கு ஏறியதும் சனத்துக்குள் அவர்கள் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் காணவேயில்லை. மன்னாருக்குப் போனதாக ஒரு கதை. அங்கே காய்ச்சலில் செத்ததாக இன்னொரு கதை.

மீசாலையில் ஒரு மாந்தோப்பு வீட்டின் ஓரத்துத் தாழ்வாரப் பத்தியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த வீட்டுப் பெண் ஐயாவின் தையலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு நாள் வெள்ளைத் துணி, வளையம், எங்கேயோ ஒளித்து வைத்திருந்த நல்ல வண்ணநூல், எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பச்சையும் இருந்தது. ஐயா பச்சை நூலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்து அவளிடமே கொடுத்தார்.

அவள் போனபிறகு நான் கேட்டேன், “ஏன் ஐயா?”

“ரீச்சர் இல்லாமல் ஆருக்குக் காட்டுறது, பிள்ளை?”

அம்மா பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. ‘எனக்குக் காட்டலாம்’ என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை வருடமும் அவர் படலையடியில் நின்று என்னிடம் கேட்டபோதெல்லாம் “நல்லதாம்” என்று மட்டும் சொன்னவள், அதை எந்த முகத்தோடு சொல்வது? இவ்வளவு காலமும் அவருடைய கையைப் பார்த்துத்தான் எரிந்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பத்தியில் இருந்தபோதுதான், அந்தக் கையை யாருக்காக அவர் வைத்திருந்தார் என்பதுதான் என்னைச் சுட்டது என்று விளங்கியது.

அதற்குப் பிறகு அவர் ஊசி தொடவில்லை. ஆறேழு மாதத்தால் ஊருக்குத் திரும்பிக் கத்தரி வைத்தார், மிளகாய் வைத்தார். ரயில் திரும்ப ஓடுவதைப் பார்க்காமலே போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். வாசிகசாலை மண்டபம் இல்லை. ரீச்சர் இருந்த பாதி வீட்டையும் மற்றப் பாதியையும் இடித்து மாடி கட்டியிருக்கிறார்கள். முருங்கைப்பூ விரிப்பு நாங்கள் விட்டுப்போன வீட்டுச் சாமான்களோடு காணாமல் போயிற்று.

இம்முறை ஊரில் இறங்கி, அந்தக் காலத்தில் ஐயாவிடம் உறை தைப்பித்துக் கலியாணம் முடித்த சிலரைத் தேடிப் போனேன். ஒருத்தியின் உறைகள் இடம்பெயர்வில் போயின. ஒருத்தி பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் அணைதுணியாகக் கிழித்தாளாம். இன்னொருத்தி, “அது வன்னியிலை எல்லாத்தோடையும் போயிட்டுது” என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “அதிலை படுத்தெழும்பினா கன்னத்திலை பூவின்ரை அச்சு விழும். எழும்பிக் கண்ணாடி பாத்தா ஒரு பக்கம் முழுக்கப் பூவாயிருக்கும்” என்று தன் கன்னத்தைத் தடவிக் காட்டினாள்.

என் கலியாணம் கொழும்பில் நடந்தது. தலையணை உறை கடையில் வாங்கினோம். கேட்டிருந்தால் எனக்காகவேனும் ஐயா ஊசியை எடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தை நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இப்போது ஒன்றும் இல்லை.